பன்னிரண்டு பிப்புக்கு ஒரு கணக்கு

அண்ணன் மகளுக்குப் பங்குனியில் வளைகாப்பு என்று நாள் குறித்த அன்று ராத்திரியே, பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 12 என்று எழுதி வட்டம் போட்டுவைத்தேன். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கழுத்தில் கட்ட நான் தைத்துத் தரப்போகும் பிப்புகளின் எண்ணிக்கை அது. ஒன்றைத் தைத்து, பூவேலை செய்து, ரிப்பன் கட்டிக் கொடுத்தால் பார்க்க அழகாக இருக்கும். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அப்படி ஒன்று வந்தது. யானைப் படம் போட்டது. காலை 8 மணிக்குக் கட்டினால் 10 மணிக்கு நனைந்துவிடும். பிறகு நாள் முழுக்க யானை கொடியில், மகன் கழுத்தில் என் கைக்குட்டை. கைக்குட்டையைச் சேஃப்டி பின் போட்டுக் குத்தியிருந்த பயத்தில் நான் அவனைக் கீழே விடாமலே வைத்திருந்தேன்.

அதனால் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்த்தேன். மூன்று, நான்கு மாதத்தில் குழந்தைக்கு வாணி வடியத் தொடங்கும். எச்சிலை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆறு மாதம் முடிந்தால் தாய்ப்பாலோடு சோறும் கூழும். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2 முதல் 3 வேளை, 9 மாதத்துக்கு மேல் 3 முதல் 4 வேளை ஊட்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வேளைக்கு ஒன்று என்று சோற்றுக்கு 3 வைத்துக்கொண்டேன். பல் முளைக்கும் நாட்களில் வாணிக்கு 4. ஆக நாளொன்றுக்கு 7.

வெயில் காலம் என்றால் காலையில் அலசிப் போட்டது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், 8 இருந்தாலே ஓட்டிவிடலாம். ஆனால் பிள்ளை வைகாசியில் பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து ஆறு மாதம் எண்ணினால் கார்த்திகை. சோறு ஊட்டத் தொடங்கும் நாளும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து நிற்கும். முதல் நாள் சாயங்காலம் துவைத்த 7 மறுநாள் மத்தியானம் வரை ஈரமாகவே இருக்கும். அந்தக் காலைப் பொழுதுக்கென்று தனியாக 4 வேண்டும். 7-ம் 4-ம் 11. மேலுக்கு ஒன்று. நோட்டில் போட்ட வட்டம் இப்படி வந்ததுதான்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு 78 வயது. "பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கக் கூடாதுத்தா" என்றாள். "பழசைக் கிழிச்சுத் தை. அதையும் முழுசா முடிச்சு வைக்காத. கழுத்து வேலையை மட்டும் பிள்ளை பிறந்தப்புறம் பாரு." இதை வெறும் சாங்கியம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பிரசவங்கள் கண்ணெதிரே தப்பிப்போன தலைமுறையின் பயம் அது. அரசு மருத்துவமனைகளில் 2015 முதல் தந்த 16 பொருள் அடங்கிய ₹1,000 பெட்டகம்கூட, துண்டும் உடுப்பும் கொசுவலையுமாகப் பிள்ளை பிறந்த பிறகுதான் தாயின் கைக்கு வந்தது. பழைய துணி என்று அம்மா சொன்னதில் வேறொரு நியாயமும் இருந்தது. பலநூறு தடவை துவைத்த பருத்தியில் கஞ்சி இருக்காது, விடுகிற சாயமும் மிச்சம் இருக்காது, குழந்தையின் தாடை உரசினால் சிவக்காது.

பீரோவின் அடித்தட்டிலிருந்து அம்மாவே ஒரு அரக்குச் சுங்குடியை எடுத்துக் கொடுத்தாள். மதுரைக்காரர்களுக்குச் சுங்குடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சௌராஷ்டிரர்கள் நூலால் துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. புதுச் சுங்குடி முதல் சில அலசலில் சாயம் விடும். அதனால் இந்தப் பழசையும் நம்பாமல், வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஒரு மூலையில் 20 தடவை அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அரக்கு நிறத்தில் இன்னொரு வசதி உண்டு. வாழைப்பழம் பட்ட வெள்ளைத் துணி காய்ந்தபின் கறுக்கும், எந்தச் சோப்புக்கும் அது போகாது. அரக்கில் தெரியாது.

சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் 46 அங்குலம். எனக்கு வேண்டியது எட்டரைக்குப் பன்னிரண்டரை அங்குலத்தில் 12 துண்டு. அகலத்தில் 5 துண்டு வீதம் மூன்று வரிசை வெட்டினால் 15 கிடைக்கும், அதற்கு முப்பத்தேழரை அங்குலம் போதும். ஒரு மீட்டர்கூட முழுசாகப் போகவில்லை. நைந்த இடம் தவிர்த்து 12 எடுத்துக்கொண்டு, கூடுதல் மூன்றைச் சேர்த்து ஒரு பை தைத்தேன். மீதி நாலரை மீட்டரை அம்மா மடித்துத் தனியே வைத்தாள், தொட்டிலுக்கு.

முகத்துக்குச் சுங்குடி. நடுவில் ஈரத்தைக் குடிக்க ஒரு துணி வேண்டும், முதுகில் மெத்தென்று ஒன்று வேண்டும். இந்த இரண்டையும் வாங்கத்தான் வேண்டியிருந்தது. தெற்கு மாசி வீதியில் மல் துணி 36 அங்குல அகலம், மீட்டர் ₹72, ஒன்றேகால் மீட்டர். நடுத்துணிக்கு டெர்ரி டவல் வாங்கலாமா என்று யோசித்து, கடைசியில் 30-க்கு 60 அங்குலத்தில் ஓர் ஈரிழைத் துண்டு எடுத்தேன், ₹140. இழை இரண்டிரண்டாக ஓடும் இந்தத் துண்டு மெல்லியது, சீக்கிரம் குடிக்கும், சீக்கிரம் காயும். நூலும் ஊசியும் குன்னத்தூர் சத்திரத்தில். கடைகள் இங்கே மாறுவதற்கு முன் புதுமண்டபத்தில் தையல்காரர்களின் மெஷின் சத்தத்துக்கு நடுவே நூல்கண்டு வாங்கிப் பழகிய கண்ணுக்கு இந்தக் கட்டடம் இன்னும் ஒட்டவில்லை. ஆனால் பழைய கடைக்காரர்கள் பலர் இங்கேதான் இருக்கிறார்கள். கேட்ட சாமான் கிடைக்கிறது.

வாங்கியதை அன்று ராத்திரியே ஊறப்போட்டேன். தைப்பவர்கள் அவசரத்தில் விடுவது இந்த ஒரு வேலையைத்தான், பிற்பாடு துணி சுருங்கி பிப் கோணிக்கொள்வதும் இதனால்தான். என் கணக்கில் மல் துணி நாற்பத்தொன்பதேகால் அங்குல நீளம் இருந்தது. துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு அளந்தால் நாற்பத்தேழரை. அகலம் 36 இருந்தது முப்பத்தைந்தேகால் ஆனது. நீளத்தில் மூன்றரை சதவீதம், அகலத்தில் 2 சதவீதம் போய்விட்டது. மூன்று துணியில் ஒன்று மட்டும் தைத்தபிறகு இப்படிச் சுருங்கினால், 12 அங்குல பிப்பில் கிட்டத்தட்ட அரை அங்குலம் இழுக்கும். துண்டு 29-க்கு 57 ஆகியது. மூன்று தடவை துவைத்துக் கொடியில் போட்டதைப் பார்த்து அம்மா தொட்டுப் பார்த்தாள். "இப்பப் பழசுதான்" என்றாள். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

அளவை எட்டரை அங்குலம் என்று வைத்ததற்குக் காரணம் மல் துணியின் அகலம். முப்பத்தைந்தேகாலில் இரண்டு கரைக்கும் அரை அரை அங்குலம் கழித்தால் முப்பத்து நாலேகால். நான்கால் வகுத்தால் எட்டரைக்குக் கொஞ்சம் மேல். முதலில் நான் ஒன்பதரை அங்குலம் என்றுதான் வரைந்திருந்தேன். அப்படி வெட்டியிருந்தால் அகலத்துக்கு 3-தான் கிடைத்திருக்கும், 12 துண்டுக்கு நான்கு வரிசை, 50 அங்குல நீளம் தேவைப்பட்டிருக்கும்; என்னிடம் இருந்தது நாற்பத்தேழரை. ஒரு அங்குலம் குறைத்ததில் மூன்று வரிசையில் வேலை முடிந்து 10 அங்குலம் மிஞ்சியது. அதில் வாய் துடைக்க நான்கு கைத்துணி வந்தது. ஈரிழைத் துண்டில் அகலத்துக்கு 3, நீளத்துக்கு 4 என்று 12 அப்படியே பொருந்தியது. துண்டு எடுக்கும்போது இதை நான் கணக்குப் பார்க்கவில்லை, அதுவாக அமைந்தது.

மாதிரி வெட்டப் போன வருஷத்துக் காலண்டர் அட்டை. கழுத்து வட்டத்துக்கு என்னென்னவோ வைத்துப் பார்த்தேன். டம்ளர் சிறிசு, கிண்ணம் பெரிசு. காபி டபராவைக் கவிழ்த்தால் வாய் சரியாக 4 அங்குலம். சுற்றளவு பன்னிரண்டரை. மேல் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் இறக்கி டபராவை வைத்து வரைந்து, நடுவில் பிளந்தால் இரண்டு பக்கமும் 2 அங்குல அகலத்தில் காது மாதிரி நிற்கும். அந்த இரண்டு காதும் பிடரியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

தைக்கும் வரிசை இது. அடியில் ஈரிழை, அதன்மேல் சுங்குடி முகம் மேலே பார்க்க, அதன்மேல் மல். கால் அங்குலம் உள்வாங்கிச் சுற்றிலும் ஒரு தையல், கீழே மட்டும் இரண்டரை அங்குலம் வாய் விட வேண்டும். அந்த வாய் வழியாக மொத்தத்தையும் வெளியே புரட்ட வேண்டும். முதலில் ஒரு முரட்டு உருண்டையாகத்தான் கைக்கு வரும். பென்சிலின் மொட்டைப் பக்கத்தை உள்ளே விட்டுக் காதுகளின் வளைவை மெல்லத் தள்ளத் தள்ள, உருண்டை பிரிந்து, வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து, சின்னதாக ஒரு உடுப்பு உள்ளங்கையில் விரியும். பன்னிரண்டு தடவையும் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். பிறகு இஸ்திரி, பிறகு விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலத்தில் மேல்தையல். கீழே விட்ட வாயும் அதிலேயே மூடிவிடும்.

முதல் இரண்டும் கெட்டுப்போயின. கழுத்து வளைவில் தையல் ஓரத்துத் துணியைக் கத்தரியால் சின்னச் சின்னதாக வெட்டிவிட மறந்துவிட்டேன். புரட்டியதும் கழுத்து சுருங்கி விறைத்துக்கொண்டது. கழுத்துதான் குழந்தையின் தோலில் நேரே படும் இடம், அதை அப்படியே விட முடியாது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிளேடால் தையலைப் பிரித்து, அறுந்த நூலை ஒவ்வொன்றாகக் குண்டூசியால் எடுத்துத் தந்தாள். இரண்டுக்கும் சேர்த்து 100 நிமிடம் போனது. அடுத்த பத்தும் சராசரியாக 24 நிமிடத்தில் முடிந்தன. நடுவில் மூன்று மடிப்பும் சேரும் இடத்தில் ஓர் ஊசி உடைந்தது. 14-ஆம் நம்பர் ஊசி.

டேப்பை வைத்து ஓரமாக அளந்தேன். ஒரு சுற்று 52 அங்குலம். உள்தையல், மேல்தையல் இரண்டும் சேர்ந்து 104. பன்னிரண்டுக்கு 1,248 அங்குலம், அதாவது 31.7 மீட்டர் தையல். அங்குலத்துக்கு 10 தையல் வைத்திருந்தேன், மொத்தம் 12,480. வீட்டு மெஷினில் மேல்நூலும் பாபின் நூலும் சேர்த்து, தையல் நீளத்தைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு நூல் இழுக்கும். 79 முதல் 95 மீட்டர் என்று வருகிறது. நூறு மீட்டர்க் கண்டு ஒன்று ஒட்டிப் போதும். பிரித்துத் தைத்த இரண்டால் எனக்கு இரண்டாவது கண்டும் திறக்க வேண்டிவந்தது.

எவ்வளவு குடிக்கிறது என்று தெரியாமல் கொடுக்க மனம் ஒப்பவில்லை. சமையலறைத் தராசில் வைத்தேன். காய்ந்த பிப் 18 கிராம். தண்ணீரில் முக்கி, சொட்டு நிற்கும்வரை தூக்கிப் பிடித்து மறுபடி வைத்தால் 61. ஆக 43 மில்லி பிடிக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கக் கடையில் ஒரு பாக்கெட் எடுத்திருந்தேன், முன்னே டெர்ரி, பின்னே பிளாஸ்டிக் தாள். அது காய்ந்து 29, நனைந்து 84. 55 மில்லி பிடித்தது. குடிப்பதில் கடைக்காரப் பிப்தான் கெட்டி. ஆனால் பங்குனியில், வீட்டுக்குள், ஃபேனுக்குக் கீழே போட்டபோது என்னுடையது 5 மணி நேரத்தில் காய்ந்தது, அது 11 மணி நேரம் எடுத்தது. பின்பக்கம் காற்றே போகாத துணி வேறெப்படிக் காயும்? பிடிக்கும் ஈரத்தைக் காயும் நேரத்தால் வகுத்தால் என்னுடையது மணிக்கு 8.6 மில்லி, அது 5. மழைக்காலத்தில் இரண்டுமே இரு மடங்கு, மூன்று மடங்கு நேரம் எடுக்கும். அப்போது இந்த வித்தியாசம்தான் பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டுமா என்று தாய் கவலைப்படும் ராத்திரிகளில் கைகொடுக்கும்.

செலவை அப்படியே தருகிறேன்.

மல் துணி, ஒன்றேகால் மீட்டர்: ₹90
ஈரிழைத் துண்டு, 1: ₹140
சுங்குடி: ₹0
நூல்கண்டு, 2: ₹30
ஊசி, 1: ₹10
சோப்பு: ₹10
டிச் பட்டன் அடிக்க (பிற்பாடு): ₹108
பஸ்: ₹0
மொத்தம்: ₹388

பஸ்ஸுக்கு 0 போட்டது 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால். சுங்குடிக்கு 0 போட்டது அம்மா பணம் வாங்கமாட்டாள் என்பதால். அந்தச் சேலையின் விலையை இந்த நோட்டில் எழுத இடமில்லை.

ஒரு பிப் ₹32.33 ஆகிறது. கடைப் பாக்கெட்டில் 3 பிப் ₹249, ஒன்று ₹83. பன்னிரண்டுக்கு ₹996. மிச்சம் ₹608. இங்கேயே நிறுத்தினால் கணக்கு பொய்யாகிவிடும். கடைவீதிக்கு 150 நிமிடம், வெட்ட 120, முதல் இரண்டுக்கு 100, அடுத்த பத்துக்கு 240, புரட்டி இஸ்திரி போட 60, பட்டன் அடிக்கப் போய்வர 90. மொத்தம் 760 நிமிடம், 12 மணி 40 நிமிடம். மிச்சத்தை இதால் வகுத்தால் மணிக்கு ₹48. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ல் நாட்கூலி ₹336. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ₹42. என் மிச்சம் அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, அவ்வளவுதான். நல்ல தையல்காரர் ஒருவருக்கு உரிய கூலி போட்டால் கையால் தைத்தது கடையில் வாங்குவதைவிட அதிகமாகவே ஆகும். கையால் தைத்தால் மலிவு என்று யாராவது சொன்னால் அவர்கள் பெண்களின் நேரத்துக்கு விலை போடவில்லை என்று அர்த்தம். நான் மலிவுக்காகத் தைக்கவில்லை. நடுவில் என்ன துணி போகிறது, கழுத்தில் எது படுகிறது, எத்தனை மணி நேரத்தில் காயும் என்பதை நானே தீர்மானிக்க வேண்டியிருந்தது, அதற்கு 12 மணி 40 நிமிடம் கொடுத்தேன்.

வளைகாப்பன்று சீர்த்தட்டில் வைக்கவில்லை. எல்லோரும் வளையல் போட்டு, சந்தனம் தடவி, சாப்பாட்டுக்குப் போனபிறகு சுங்குடிப் பையை அண்ணன் மகள் மடியில் வைத்தேன். உள்ளே பன்னிரண்டும் பட்டன் இல்லாமல், நாடா இல்லாமல். எண்ணிப் பார்த்தாள். "எதுக்கு அத்தை இவ்வளவு?" என்றாள். "மழை வரட்டும் சொல்றேன்" என்றேன்.

வைகாசியில் பெண் பிறந்தாள், 2.9 கிலோ. ஆவணியில் வாணி வடியத் தொடங்கியது. அம்மா சொன்னபடி கழுத்து வேலையை மிச்சம் வைத்ததன் பலன் அப்போது தெரிந்தது. பிள்ளையின் கழுத்தை நேரிலேயே அளக்க முடிந்தது: எட்டே முக்கால் அங்குலம். உள்ளே இரண்டு விரல் போகிற இடம் விட்டால் 10. ஒரு வயதுக்குள் 11 வேண்டியிருக்கும் என்று இரண்டு இடத்தில் வைத்தேன். பங்குனியிலேயே முடித்திருந்தால் குத்துமதிப்பாகத்தான் வைத்திருப்பேன்.

நாடா வேண்டாம் என்று முன்பே முடிவு. புரண்டு படுக்கும் பிள்ளையின் கழுத்தில் கயிறு இருக்கக் கூடாது. எந்தப் பிப்பானாலும் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். வெல்க்ரோ துவைக்கத் துவைக்கப் பிசிறைச் சேர்த்துக்கொண்டு பிடரியைக் கீறும். கையால் தைக்கும் பட்டன் ஒருநாள் அறுந்துவிழும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொருட்களைச் சோதிக்க அமெரிக்காவில் ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் அடங்கும் துண்டு எதுவானாலும் தொண்டையை அடைக்கும் என்பது விதி. என் பட்டனின் விட்டம் ஒரு சென்டிமீட்டர், நிச்சயம் அடங்கும். அதனால் மெஷினில் அழுத்தி அடிக்கும் டிச் பட்டன். பிப்புக்குக் குழிப்பக்கம் ஒன்று, மொட்டுப்பக்கம் இரண்டு. இடத்துக்கு ₹3, பிப்புக்கு ₹9. வாங்கியவுடன் ஒவ்வொன்றையும் இரு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன். ஒன்று கழன்றது. அங்கேயே திரும்ப அடித்துத் தந்தார்கள், காசு வாங்கவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை அண்ணன் மகள் போன் செய்தாள். கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டே பேசினாள், பின்னால் பிள்ளை தட்டைத் தட்டும் சத்தம். நேற்றுத் துவைத்தது 7, வராந்தாக் கொடியில் ஈரமாக. வாளியில் 3. கழுத்தில் 1.

"அலமாரியில இன்னும் ஒண்ணு இருக்கு அத்தை" என்றாள்.